காரச் சல்சா: நறுக்கியதா, வேகவைத்ததா, சுட்டதா, காய்ந்த மிளகாயா?

சோளச் சிப்ஸுக்கும் மற்றதுக்கும் தொட்டுக்கொள்ளும் மெக்சிகோவின் சட்னிதான் சல்சா. அதில் காரம் போதவில்லை என்றால் பெரும்பாலும் நாம் செய்வது ஒன்றுதான். இன்னும் இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு மிக்ஸியை ஒரு சுற்று விடுவோம். காரம் ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காரம் தக்காளியோடு சேராமல் தனியே நின்று தொண்டையைப் பிடிக்கும். மெக்சிகோ வீடுகளில் வழி வேறு. அதே தக்காளி, அதே மிளகாய், அதே வெள்ளை வெங்காயம்தான். பொடியாக நறுக்கிக் கலந்தால் ஒரு சல்சா, தண்ணீரில் வேகவைத்து அரைத்தால் இன்னொன்று, கல்லில் போட்டுத் தோல் கருகச் சுட்டு அரைத்தால் மூன்றாவது. காய்ந்த மிளகாய்க்குப் போனால் நான்காவது. காரமான சல்சா வேண்டும் என்பவர் முதலில் இந்த நாலில் எது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. எத்தனை மிளகாய் என்பது அதற்கப்புறம்.

சட்னி அரைத்துப் பழகிய கைக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் தக்காளிச் சட்னியில் எண்ணெய் இருக்கிறது, தாளிப்பு இருக்கிறது, பல வீடுகளில் தேங்காயோ பருப்போ இருக்கிறது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொழுப்பு இருக்கிற இடத்தில் காரம் கொஞ்சம் அடங்கித்தான் நாக்குக்கு வந்து சேரும். பெரும்பாலான சல்சாவில் எண்ணெய் கிடையாது. சட்னிக்குப் போடுகிற அதே கணக்கில் இதற்கும் மிளகாய் போட்டால் சாப்பிடுகிறவர் முகம் சிவந்துவிடும்.

கடையில் எந்த மிளகாயை எடுப்பது

அமெரிக்காவில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது ஹாலபீனோ. ஸ்கோவில் அளவில் அதன் காரம் 2,500 முதல் 8,000 வரை. செரானோ 10,000-இல் தொடங்கி 23,000 வரை போகும். ஹபனேரோ ஒரு லட்சத்தில் ஆரம்பித்து மூன்றரை லட்சம் வரை. 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளுநர் இந்தக் கணக்கைத் தொடங்கியபோது, மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, ருசி பார்ப்பவர்களுக்குக் காரமே தெரியாமல் போகும்வரை நீர்க்க வைத்துப் பார்த்தார். இப்போது அளப்பது கருவி. ஆனாலும் ஒரே மிளகாய்க்கு இவ்வளவு அகலமான இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள், சிக்கல் அங்கேதான்.

ஹாலபீனோவை நம்ப முடியாது. ஒரு வாரம் வாங்கியது குடைமிளகாய் மாதிரி சப்பென்று இருக்கும், அடுத்த வாரம் வாங்கியது கண்ணில் நீர் வரவைக்கும். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் காரம் குறைந்த ஹாலபீனோ ரகத்தையே வளர்த்தெடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். பெரிதாக, பளபளப்பாக, ஒரே அளவில் அடுக்கி வைத்திருக்கும் ஹாலபீனோவை விலைச் சீட்டு பார்த்து வாங்கலாமே தவிர, காரத்தை நம்பி வாங்க முடியாது.

அதனால் என் ஓட்டு செரானோவுக்கு. விரல் தடிமன்கூட இருக்காது, தோல் மெல்லியது, உரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கடித்தால் பச்சை வாசனை பளிச்சென்று வரும், காரம் உடனே வந்து ஓரளவு சீக்கிரமே போய்விடும். ஹபனேரோ இதற்கு நேர்மாறு. அதற்குப் பழ வாசனை உண்டு. அதனால்தான் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் அதைச் சிவப்பு வெங்காயத்தோடும் தக்காளியோடும் நறுக்கி, கசப்பு ஆரஞ்சுச் சாறு ஊற்றி ஷ்னிபெக் என்று ஒரு சல்சா செய்கிறார்கள். தனிச் சிறு கிண்ணத்தில் வைத்து, வேண்டியவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்வதற்கு அது நன்றாக இருக்கும். எல்லோருக்குமான பெரிய கிண்ணத்தில் ஹபனேரோவைப் போட்டுவிட்டு, காரம் ஆகாதவர் விருந்தாளியாக வந்திருந்தால் அவர் வெறும் சிப்ஸ் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்தியக் கடையில் வாங்கும் ஒல்லிப் பச்சை மிளகாயையும் போடலாம். காரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதில் சதை கிடையாது. செரானோவும் ஹாலபீனோவும் சல்சாவுக்குக் காரத்தோடு கொஞ்சம் உடம்பையும் தருகின்றன. நம் மிளகாய் ஊசி குத்துகிற மாதிரி குத்திவிட்டு நிற்கும். சுட்டு அரைக்கும் சல்சாவில் அது பொருந்திப்போகிறது, நறுக்கிப் போடும் சல்சாவில் எனக்குப் பிடிப்பதில்லை.

விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும் என்று சொல்வார்களே, அது பாதி உண்மைதான். கேப்சைசின் உருவாவது விதையில் இல்லை, விதைகள் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில். விதையைத் தட்டிவிட்டு வெள்ளையை விட்டுவைத்தால் காரம் அப்படியே இருக்கும். காரத்தைக் குறைக்க நினைப்பவர் கத்தி முனையால் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கூட்ட நினைப்பவர் அதைத் தொடவே கூடாது.

நறுக்கிக் கலப்பது

மெக்சிகோவில் பீக்கோ டெ காயோ என்றும் சல்சா மெக்சிகானா என்றும் சொல்வது இதைத்தான். அடுப்பே வேண்டாம். தக்காளி, வெள்ளை வெங்காயம், செரானோ, கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான். செய்வதற்குப் பத்து நிமிஷம். நாலில் இதுதான் சுலபம், இதுதான் ஏமாற்றக்கூடியதும். தக்காளி நன்றாக இல்லையென்றால் ஒளித்துவைக்க இடமே கிடையாது. குளிர்காலத்தில் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வெளிறிய, உள்ளே மாவாக இருக்கும் தக்காளியில் இதைச் செய்வது வீண்வேலை. அப்போது தகரடப்பாவில் வரும் சுட்ட தக்காளியை வாங்கி அரைக்கும் சல்சாவுக்குப் போய்விடலாம், ருசி எவ்வளவோ மேல்.

வெங்காயத்தை நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி வடித்துப் போட்டால் அதன் நெடி அடங்கி, மிளகாயின் காரம் தெளிவாகத் தெரியும். உப்பு போட்டபின் கால் மணி நேரம் விட்டால் தக்காளி தண்ணீர் விடும். அதில் பாதியை வடித்துவிடலாம். முழுவதும் வடித்தால் எலுமிச்சையும் உப்பும் சேர்ந்து போய்விடும். இதில் காரம் சீராக வராது, ஒரு வாய்க்கு இல்லாமலும் அடுத்த வாய்க்கு மிளகாய்த் துண்டு மாட்டியும் வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். வறுத்த மீன், சுட்ட இறைச்சி வைத்து மடித்த சோள ரொட்டியான டாக்கோவுக்கு இது மாதிரி இன்னொன்று கிடையாது. ஆனால் மறுநாளுக்கு நிற்காது. காலையில் செய்தது இரவில் சொதசொதவென்று ஆகிவிடும்.

இதே சாமான்களை வேகவைக்காமல் மிக்ஸியில் அடிக்கலாமா என்றால், அடிக்காதீர்கள். தக்காளிக்குள் காற்று புகுந்து இளஞ்சிவப்பு நுரையாக நிற்கும். பார்க்கவும் நன்றாக இருக்காது, ருசியும் தட்டையாக இருக்கும். கையில் உரல் இருந்தால் இடிக்கலாம், அது வேறு.

வேகவைப்பது

தண்ணீரில் தக்காளியையும் மிளகாயையும் போட்டு எட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு அரைப்பது. சிவப்புச் சல்சாவைவிட இந்த முறை பச்சை நிற சல்சா வெர்டேவுக்குத்தான் பொருத்தம். அதற்கு வேண்டியது டொமாட்டியோ. நம் ஊர் வரப்புகளில் சின்னப் பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைக்கும் சொடக்குத் தக்காளி ஒன்று உண்டல்லவா, அதே இனத்துச் செடி. அதேபோலக் காகித உறைக்குள் காய் இருக்கும், ஆனால் அளவில் பெரியது, புளிப்பானது. உறையை உரித்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வேகும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. தளிர்ப் பச்சையாக இருக்கும் காய் திடீரென்று மங்கி ராணுவ உடுப்பின் நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இன்னும் விட்டால் தோல் வெடித்து, புளிப்பெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். ஜாமை உறையவைக்கும் பெக்டின் அதில் நிறைய என்பதால் அரைத்த சல்சா ஃப்ரிட்ஜில் லேசாகக் கெட்டியாகும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் பழைய பதம் வந்துவிடும். எலுமிச்சையும் தேவைப்படாது. புளிப்பு காரத்தைத் தூக்கிக் காட்டும் என்பதால் மற்றவற்றைவிட ஒரு மிளகாய் குறைவாகப் போட்டாலும் அதே காரம் தெரியும்.

டெக்சஸில் டாக்கோ கடைகளில் வெளிறிய பச்சையில், க்ரீம் மாதிரி ஒரு சல்சா கொடுப்பார்கள். அவகாடோ போட்டது என்று நினைத்துக்கொள்வோம். பல கடைகளில் அவகாடோவே கிடையாது. வேகவைத்த ஹாலபீனோ, பூண்டு, உப்பு மூன்றையும் மிக்ஸியில் ஓடவிட்டு எண்ணெயைச் சன்னமாக ஊற்றிக்கொண்டே வந்தால் அந்தப் பதம் தானாக வரும். எண்ணெய் பூசிக்கொண்டு போவதால் முதல் வாயில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது வாயில்தான் எங்கிருந்தோ காரம் வரும். வீட்டில் செய்து பார்க்க வேண்டிய ஒன்று.

வேகவைத்த சிவப்புச் சல்சா? அது கொஞ்சம் சோகை பிடித்தது. அரைத்தபின் ஒரு ஸ்பூன் எண்ணெய் காயவைத்து அதில் ஊற்றி ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டால்தான் உயிர் வரும். முட்டைக்கு மேல் ஊற்றிச் சாப்பிட நன்றாக இருக்கும். சிப்ஸுக்கு வேண்டாம்.

சுட்டு அரைப்பது

ஒரே ஒரு சல்சாதான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான். மெக்சிகோவில் இதற்கு டாடெமாடா என்று பெயர்; கோமால் எனப்படும் தட்டைக் கல்லில் முழுத் தக்காளி, மிளகாய், தோலோடு பூண்டு, தடித்த வெங்காயத் துண்டு எல்லாவற்றையும் எண்ணெய் இல்லாமல் போட்டுத் திருப்பித் திருப்பிக் கருக்குவது. ரோமா தக்காளி நாலு, செரானோ மூன்று, பூண்டு இரண்டு பல், கால் வெங்காயம், முக்கால் டீஸ்பூன் உப்பு. நல்ல காரமான ஒரு கிண்ணம் சல்சாவுக்கு இது போதும்.

முதலில் பூண்டு தோலுக்குள் மெத்தென்று ஆகும். அடுத்து மிளகாயின் தோல் அங்கங்கே கொப்புளித்துக் கறுத்துப் போகும். முழு மிளகாய் கல்லில் வெடித்துத் தெறிக்கலாம், அதனால் ஒரு கீறல் போட்டுவிடுவது நல்லது. தக்காளி கடைசி. அடியில் கறுத்து, மேலே தோல் சுருங்கி, தூக்கினால் தன் எடையில் தொய்ந்து தொங்க வேண்டும். அப்போது அதன் தண்ணீர் வற்றி இனிப்பு கூடியிருக்கும், அந்த இனிப்பும் கருகலும் சேர்ந்துதான் காரத்தைத் தாங்குகின்றன. இந்தக் கலவையில் மூன்று செரானோ காரமாக இருக்கும், ஆனால் குத்தாது. அதே மூன்றைப் பச்சையாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கருக்குவதிலும் ஒரு எல்லை இருக்கிறது. தோலில் கறுப்புத் திட்டுகள் இருந்தால் வாசனை. முழுவதும் கரியானால் கசப்பு. அதிகம் கருகிய இடத்தை மட்டும் உரித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சேர்த்து அரைக்கலாம்.

நாம் தோசை சுடும் இரும்புக் கல்லில் இதைச் செய்யலாம், ஆனால் ஒரு அலுமினியத் தாளை விரித்துக்கொள்ளுங்கள். தக்காளியின் புளிப்பு பழக்கிய கல்லில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடும், மறுநாள் தோசை ஒட்டும். அடுப்படியில் புகைபோக்கி இல்லாதவர்கள் ஓவனில் மேல்தணலுக்குக் கீழே தட்டில் வைத்துச் சுடலாம். மிளகாய்ப் புகை எழும்பினால் வீடே இருமும், அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் புகை எச்சரிக்கை மணியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரைப்பதற்கு அங்கே மோல்கஹேட்டே என்று மூன்று கால் வைத்த எரிமலைக்கல் உரல் வைத்திருப்பார்கள். அரைக்கும் வரிசை முக்கியம்: உப்பும் பூண்டும் முதலில், அவை விழுதானபின் மிளகாய், கடைசியில் தக்காளி. மிளகாய் உப்போடு சேர்ந்து நன்றாக நசுங்குவதால் காரம் எல்லா இடத்துக்கும் பரவும், தக்காளி மட்டும் ஒன்றிரண்டாக நிற்கும். புது உரல் வாங்கினால் பச்சரிசியைப் போட்டுத் திரும்பத் திரும்ப அரைத்து, மாவில் கல்பொடி வராமல் வெள்ளையாக வரும்வரை பழக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு மிக்ஸியே போதும். அதிலும் இதே வரிசையில் போட்டு, தக்காளி சேர்த்தபின் விட்டு விட்டு இரண்டு மூன்று முறை அழுத்தினால் சரி.

காய்ந்த மிளகாய்

காரம்தான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்பவர்கள் இங்கே வரலாம். சிலே டெ ஆர்போல் என்ற ஒல்லிச் சிவப்பு மிளகாய் ஸ்கோவில் அளவில் 15,000 முதல் 30,000 வரை. டாக்கோ கடைகளில் ஆரஞ்சுச் சிவப்பாக, தண்ணீர்ப் பதத்தில் வைத்திருக்கும் சல்சாவில் இருப்பது பெரும்பாலும் இதுதான். வெறும் சட்டியில் அரை நிமிஷத்துக்குள் வறுத்து எடுக்க வேண்டும். நிறம் ஒரு படி கூடி, வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் கசப்பு வந்துவிடும், எந்தத் தக்காளியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சுட்ட டொமாட்டியோ ஐந்தாறோடு பத்துப் பதினைந்து மிளகாயை அரைத்தால் முடிந்தது. ஊறிய தண்ணீரை ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள், கசந்தால் கொட்டிவிடலாம். இதன் காரம் மெல்ல ஏறும், நெடுநேரம் நிற்கும்.

நிறமும் கெட்டித்தன்மையும் வேண்டுமானால் காரம் குறைந்த குவாஹியோ மிளகாய் இரண்டைச் சேர்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்கள் அதற்குப் பதில் பியாடகி மிளகாயும், ஆர்போலுக்குப் பதில் குண்டூர் மிளகாயும் போட்டுச் செய்யலாம். வாசனை கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும், ஆனாலும் நல்ல சல்சா வரும். தக்காளியைப் பொறுத்தவரை, நறுக்குவதற்குச் சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி, சுடுவதற்குப் புளிப்பு கூடிய நாட்டுத் தக்காளி. டொமாட்டியோ கிடைக்காத இடத்தில் காய்த்தக்காளியைப் போட்டு எலுமிச்சை பிழிவது ஒரு சமாளிப்பு, அவ்வளவுதான்.

சிப்போட்லேயையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழுத்த ஹாலபீனோவைப் புகையில் உலர்த்தியது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் இருந்த பெர்னார்டினோ டெ சஹகுன் என்ற பாதிரியார் அன்றைய சந்தையில் விற்ற குழம்பு வகைகளை எழுதிவைத்தபோது, புகையூட்டிய மிளகாய் போட்டதையும் குறித்திருக்கிறார். இன்று தகரடப்பாவில் மசாலாவோடு வருகிறது. சுட்ட தக்காளிச் சல்சாவில் ஒன்றே ஒன்றைப் போட்டு அரைத்தால் அடுப்பில் விறகு எரித்த வாசனை வந்துவிடும். சோம்பேறிகளுக்குக் கிடைத்த வரம்.

மெக்சிகோவில் வெராக்ரூஸ் பக்கத்தில் சல்சா மாச்சா என்று ஒன்று செய்கிறார்கள். காய்ந்த மிளகாய், வேர்க்கடலை, எள், பூண்டு எல்லாவற்றையும் எண்ணெயில் பொரித்து அந்த எண்ணெயோடே அரைப்பது. இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துச் சாப்பிடுகிற வீட்டில் அதற்குத் தனியாக அறிமுகம் தேவைப்படாது.

சரி, எதை எப்போது செய்வது

வந்தவர்களுக்குச் சிப்ஸோடு வைக்க என்றால் சுட்டு அரைத்தது. நல்ல தக்காளி கையில் இருக்கிறது, உடனே சாப்பிடப் போகிறோம் என்றால் நறுக்கியது. கோழி, பன்றி இறைச்சி, முட்டைக்கு சல்சா வெர்டே. காரப் பிரியர்கள் இரண்டு பேருக்காக மட்டும் என்றால் ஆர்போல், சிறு கிண்ணத்தில். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் செய்வது சுட்ட சல்சாவை மிளகாய் இல்லாமல் அரைத்து, பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் சுட்ட செரானோவைப் போட்டு இன்னொரு சுற்று விடுவது. பாட்டில் சல்சா வாங்குவது இந்தப் போட்டியிலேயே இல்லை. அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்பதற்காக நன்றாகக் காய்ச்சி, புளிப்புக்கு வினிகரும் விட்டிருப்பார்கள். மேலே எழுதியிருக்கும் 'ஹாட்' என்பது அந்தந்தக் கம்பெனியின் கணக்கு. ஒன்றின் ஹாட் இன்னொன்றின் மீடியம்.

காரத்தை எப்போது ருசி பார்ப்பது என்பதும் முக்கியம். நாக்கு நரம்பில் கேப்சைசினை உணரும் அதே ஏற்பிதான் (உணர்வைப் பிடிக்கும் புரதம்) 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997-இல் அதைக் கண்டுபிடித்துக் காட்டினார், 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதனால் சல்சா சூடாக இருக்கும்போது காரம் கூடுதலாகத் தெரியும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குறைவாகத் தெரியும். அரைத்த சூட்டோடு ருசி பார்த்து மிளகாயைக் குறைக்கவும் வேண்டாம், சில்லென்று இருக்கும்போது பார்த்துக் கூட்டவும் வேண்டாம். பரிமாறப்போகும் பதத்துக்கு வந்தபின் பார்த்தால் கணக்கு சரியாக வரும். கூடிவிட்டால் தண்ணீர் சேர்த்துப் பயனில்லை. பழுத்த அவகாடோ ஒன்றை மசித்துக் கலந்தால் காரம் இறங்கும். வாய் எரிகிறவருக்கும் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ மேல். மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுட்டதும் வேகவைத்ததும் ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் நன்றாக இருக்கும். நிறையச் செய்து ஜாடியில் அடைத்து அலமாரியில் வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் சொந்தக் கைப்பக்குவத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். தக்காளி புளிப்பானது, ஆனால் வெங்காயமும் பூண்டும் மிளகாயும் அப்படியில்லை. அவை கூடினால் கலவையின் பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவு) 4.6-ஐத் தாண்டிவிடலாம், மூடிய ஜாடிக்குள் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர அது இடம் கொடுக்கும். ஜாடியில் அடைப்பதற்கென்று சோதித்துப் பார்த்த அளவுகளை அமெரிக்க வேளாண்துறை வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு மிளகாயைக்கூடக் கூட்டாமல், பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாற்றைத்தான் விட்டு, அப்படியே செய்ய வேண்டும். அவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால் ஃப்ரீஸர் இருக்கவே இருக்கிறது. சுட்ட சல்சாவும் சல்சா வெர்டேவும் உறையவைத்தாலும் பெரிதாக ருசி மாறாது. கொத்தமல்லியை மட்டும் அப்போது சேர்க்காமல், உருகியபின் புதிதாகக் கிள்ளிப் போடுங்கள்.